உளி பிடிக்கப் பழகுவோம்

தோட்டக்காரனுக்கும் ஓடாவிக்கும் உள்ள உறவு எமது ஊர்களிற் பழையது. கலப்பை, துலா, மாட்டுவண்டில், மண்வெட்டிப் பிடி யாவும் ஓடாவியின் கையால் வந்தவை. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டு வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறியபோது, இவை எல்லாம் வீட்டிலேயே நின்றுவிட்டன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும் சுமக்க முடிந்தது மட்டுமே மிஞ்சியது. 2009இல் யுத்தம் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்ற பலரை நிலையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களே வரவேற்றன. காணி இன்னும் கிடைக்காதவர்களும் உண்டு.

காணிக்கு எந்தத் தொழிலும் ஈடாகாது. அதைக் கேட்பதை நாம் நிறுத்தவும் கூடாது. ஆனால் தோட்டம் இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கையில் ஒரு தொழில் வேண்டும். தச்சுப் பட்டறையிற் பயிலுனராகச் சேர்பவர் முதலிற் பழக வேண்டியவற்றை இங்கு விளக்குகிறோம்.

மரத்தை அறிதல்

வெங்காயத்தை உலர்த்தாமற் கட்டினால் அழுகும் என்பது எமக்குத் தெரியும். பச்சை மரமும் அப்படியே பொறுப்பற்றது. உலரும்போது அது அகலத்திற் சுருங்கும். நீளத்தில் மிகக் குறைவாகவே சுருங்கும். பச்சைப் பலகையிற் செய்த கதவு சில மாதங்களில் வளைந்து வெடிப்பது இதனாலேயே. பலகைகளுக்கிடையே சிறு கட்டைகளை வைத்து, காற்றுப் புகும்படி நிழலில் அடுக்கிப் பல மாதங்கள் உலரவிட வேண்டும்.

பழகுவதற்குப் பலாவும் வேம்பும் நல்லவை. பனைமரத்தில் வெளிப்புறமே வைரம், உட்புறம் மென்மையானது. அதன் நார் கடினமானதால் வளைக்கும் சலாகைக்கும் சிறந்தது, புதியவர் கைக்கு ஏற்றதல்ல. பலா, பனை போன்றவற்றைத் தறிக்க அனுமதி தேவை. முதலிற் கிராம அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சண்டை நடந்த இடங்களில் நின்ற மரங்களுக்குள் சன்னமும் செல் துண்டும் புதைந்திருக்கலாம். பட்டையிற் பழைய காயத் தழும்பு உள்ளதா என்று பார்த்த பின்பே வாள் வையுங்கள். கண்ணிவெடி அகற்றப்படாத காணிக்குள் மரத்துக்காக ஒருபோதும் செல்லாதீர்கள்.

தீட்டுதல்

அடிமட்டம், மூலைமட்டம், கைவாள், சீவுளி, அரை அங்குல உளி, மரச்சுத்தியல், தீட்டுக்கல் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். முதற் பாடம் தீட்டுவதே. கல்லை நனைத்து, உளியின் தட்டையான பின்புறத்தை முதலிற் சமப்படுத்துங்கள். பின்பு சரிந்த முகத்தை ஏறக்குறைய 30 பாகையில், அதாவது செங்கோணத்தின் மூன்றிலொரு பங்கில் வைத்து, சரிவு மாறாமற் தேயுங்கள். விளிம்பின் மறுபக்கம் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். பின்புறத்தைக் கல்லில் ஒருமுறை இழுத்தால் அது நீங்கும். மழுங்கிய உளியே அதிகம் காயப்படுத்துகிறது. அதைப் பலங்கொண்டு தள்ளவேண்டி வருவதால் வழுக்குகிறது. இரு கைகளும் எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

கோடும் வாளும்

மூலைமட்டம் வைத்து, கூரிய முனையாற் கோடு கீறுங்கள். வாளைக் கோட்டின் மேல் வைக்காமல், கழிக்கப்போகும் பக்கத்தில் வைத்து அறுக்க வேண்டும். கோடு மரத்தில் மிஞ்சினால் அளவு சரி. முதற் கிழமை முழுவதும் கழிவுக் கட்டைகளில் இதையே செய்தாலும் நட்டமில்லை. சீவுளியை நார் ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளினால் நார் கிளம்பும்.

முதல் மூட்டு

ஒரு மரத்திற் துளையிட்டு, மற்றதன் நுனியிற் கழுந்து செதுக்கிச் செருகுவதே கதவு, யன்னல், வாங்கு எல்லாவற்றுக்கும் அடிப்படை. கழுந்தின் தடிப்பு மரத்தின் தடிப்பில் மூன்றிலொன்றாக இருக்கட்டும். ஒன்றரை அங்குல மரத்துக்கு அரை அங்குலக் கழுந்து. அரை அங்குல உளியே துளையின் அளவாகிவிடும். துளையை முதலிற் செய்யுங்கள். கழுந்தைப் பின்பு சீவிக் குறைக்கலாம், பெருத்த துளையைச் சிறிதாக்க முடியாது. மெல்லத் தட்டினால் இறங்க வேண்டும். ஓங்கி அடித்து இறக்கினால் மரம் பிளக்கும்.

சான்றிதழ்

தச்சுவேலை சில குடும்பங்களுக்கே உரியது என்ற எண்ணம் எம்மிடையே இருந்தது. அதை விட்டுவிடுவோம். நாசரேத்தூர்ப் புனித சூசையப்பர் தச்சர். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதலாம் திகதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை எவரும் பழகலாம்.

பட்டறையிற் பழகியவர்கள் தமது அனுபவத்தை மதிப்பிடச் செய்து தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலும், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விசாரியுங்கள். சேரும்போதே, பழகும் காலத்துக்கு என்ன கூலி, எத்தனை மாதம் என்பதை ஓடாவியாரிடம் பெற்றோர் பேசித் தீர்ப்பது நல்லது.

பிள்ளை செய்யும் முதல் வாங்கு ஆடத்தான் செய்யும். அதை விறகாக்க வேண்டாம். எந்தக் கழுந்து தளர்ந்தது என்று கழற்றிப் பார்த்தால், இரண்டாவது வாங்கு நேராக நிற்கும்.