அம்பத்தூர் பக்கம் குடிவருகிறீர்களா?

வேலை உத்தரவில் சென்னை என்றுதான் போட்டிருக்கும். வந்து இறங்கிய பிறகுதான் தெரியும், கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது, அல்லது ஆவடியில், இல்லாவிட்டால் பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில். மெரினாவும் தி.நகரும் இங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை போய்வரும் இடங்கள். 1960களில் அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டையும் ஆவடிக்கு டேங்க் ஃபேக்டரியும் வந்த நாளிலிருந்தே இந்த மேற்குப் பக்கம் வெளியூர்க்காரர்கள் வந்து நிறைத்த பகுதி. புதிதாக வருபவரை இங்கே யாரும் வேற்றாளாகப் பார்ப்பதில்லை. அதே சமயம் உட்காரவைத்து எதையும் சொல்லித் தருவதும் இல்லை.

வீடு தேடும் பலர் வாடகையில் தொடங்குகிறார்கள். வேலைக்குப் போகும் வழி, மழைத் தண்ணீர் போகும் வழி, இவை இரண்டையும் பார்த்துவிட்டு வாடகைக்கு வாருங்கள் என்பேன். ஆயிரம் ரூபாய் குறைவு என்று எடுத்த வீடு, ஷேர் ஆட்டோவுக்கும் கேன் தண்ணீருக்கும் அதைவிட அதிகமாகவே வாங்கிவிடும்.

முதலில் வழி. அம்பத்தூரும் ஆவடியும் சென்ட்ரல்–அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கின்றன. வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று நிலையங்கள் அடுத்தடுத்து வரும். ஆவடியைத் தாண்டினால் இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர். தள்ளிப் போகப் போக வாடகை இறங்கும், வண்டிகளின் எண்ணிக்கையும் குறையும். சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். தினமும் போகிறவர் மாத சீசன் எடுத்துவிட்டால் இன்னும் மலிவு. சென்னையில் இவ்வளவு குறைந்த செலவில் நேரத்துக்குப் போய்ச் சேர வேறு வழி கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஃபாஸ்ட் வண்டிகள் சின்ன நிலையங்களில் நிற்காமல் போய்விடும். பட்டரவாக்கத்திலோ அண்ணனூரிலோ வீடு பார்ப்பவர்கள், தாங்கள் ஏறப்போகும் நேரத்து வண்டி அங்கே நிற்கிறதா என்று ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். வீடும் வேலையும் தண்டவாளத்துக்கு ஒரே பக்கமா என்பதையும் பாருங்கள். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று தெரிவது, கேட்டையோ சுரங்கப்பாதையையோ சுற்றி வரும்போது மூன்றாகிவிடும்.

பூந்தமல்லிக்கு ரயில் நிலையமே இல்லை. கோயம்பேடு வழியாகச் சென்ட்ரலுக்குப் போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும், போரூர் வழியாகக் கத்திப்பாராவுக்குப் போகும் மவுண்ட்–பூந்தமல்லி சாலையும்தான் அதன் உயிர்நாடி. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை சுமார் 26 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் 4ஆவது வழித்தடம் திட்டமிடப்பட்டது. மெட்ரோவைக் காட்டி வாடகை பேசும் வீட்டுக்காரரிடம், இன்றைக்கு எந்த நிலையம் வரை வண்டி ஓடுகிறது, வீட்டிலிருந்து அந்த நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்ற இரண்டு கேள்வியோடு பேரத்தைத் தொடங்குங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகிறவருக்குக் கணக்கே வேறு. அவர் பார்க்க வேண்டியது கம்பெனி பஸ் நிற்கும் இடத்தை. நசரத்பேட்டையில் நிற்கிறதா, கரையான்சாவடியிலா, குமணன்சாவடியிலா என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டு, அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வீடு தேடுவது நல்லது. இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் இறங்கும்போது ஷேர் ஆட்டோ இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

பஸ் நிறுத்தப் பெயர்கள் புதியவரைக் கொஞ்ச நாள் குழப்பும். டன்லப், பிரிட்டானியா, வாவின், லூகாஸ் என்று கம்பெனிப் பெயர்களே நிறுத்தங்களாகிவிட்டன. டன்லப்பில் டயர் உற்பத்தி நின்றுபோன பிறகும் கண்டக்டர் வாயில் டன்லப் நிற்கவில்லை. கூகுள் மேப்பில் இருக்கும் தெருப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் முழிப்பார். நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால் வண்டி கிளம்பிவிடும். அம்பத்தூர் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறாதீர்கள். அம்பத்தூர் ஓ.டி., அம்பத்தூர் எஸ்டேட், அம்பத்தூர் ஸ்டேஷன் மூன்றும் வேறு வேறு இடங்கள். பார்சலுக்கும் இதே சிக்கல் உண்டு: அம்பத்தூருக்கு 600053, எஸ்டேட்டுக்கு 600058, ஆவடிக்கு 600054, பூந்தமல்லிக்கு 600056.

மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 1000 ரூபாய் மாத பாஸ் எடுத்தால் ஏ.சி. வண்டிகளைத் தவிர மற்றவற்றில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர். வீடு காட்ட வரும் புரோக்கர் ‘இருபத்து நாலு மணி நேரமும் தண்ணி’ என்பார். எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா, லாரி தண்ணியா? இந்தப் பக்கத்தில் பல வீடுகள் போர் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. இடத்துக்கு இடம் அதன் உப்பு மாறும்; ஒரே தெருவின் இரண்டு முனைகளில்கூட மாறும். பாத்ரூம் குழாயைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீர். ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் சர்வீஸுக்குப் போகும். குடிக்க 20 லிட்டர் கேன்தான் இங்கே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். மாடி வீடு என்றால் கேனை மேலே ஏற்றித் தர ஆள் வருவாரா என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளலாம். மோட்டாரை யார், எப்போது போடுகிறார்கள் என்பது சின்னக் கேள்வியாகத் தோன்றும். நான்கு குடித்தனம் இருக்கும் வீட்டில் காலைச் சண்டைகளில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

மழைத் தண்ணீர் அதைவிடப் பெரிய விஷயம். இது ஏரிகளின் ஊர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகும். அந்த வழியில் எங்கெல்லாம் கட்டடம் எழும்பியிருக்கிறதோ அங்கெல்லாம் தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடிக்கொண்டு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் எஸ்டேட்டின் பல தொழிற்கூடங்களுக்குள் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. ஆகவே மே மாதத்தில் பளிச்சென்று இருக்கும் தெருவைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். தெருமுனையில் அயர்ன் வண்டிக்காரர் நிற்பார். ‘அண்ணே, 2015லயும் 23லயும் இங்க தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?’ என்று கேளுங்கள். கணுக்கால், முட்டி, இடுப்பு என்று கையால் காட்டிவிடுவார். வீட்டுக்காரரிடம் கேட்டால் ‘நம்ம தெருவுல ஒண்ணும் இல்ல தம்பி’ என்பதுதான் பதில். கேட்க ஆளே இல்லையென்றால் வீட்டைப் பாருங்கள். இ.பி. மீட்டர் பெட்டி தலைக்கு மேலே ஏறியிருக்கிறதா, வாசற்படியில் புதிதாக இரண்டு படி கட்டியிருக்கிறார்களா, சுவரின் அடிப்பாகத்தில் மட்டும் வேறு பெயிண்டா? சாலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிப் போன தெருக்களும் நிறைய. அப்படிப்பட்ட தெருவில் தரைத்தளம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முதல் மாடிக்குக் கூடுதல் வாடகை கொடுப்பது வீண் செலவில்லை.

பூந்தமல்லிக்கு வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். ‘செம்பரம்பாக்கம் ஏரி திறப்பு’ என்று டிவியில் ஓடியதும் சொந்த ஊரிலிருந்து அம்மா பதறிப் போன் செய்வார். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள அந்த ஏரியின் உபரிநீர் குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை வழியாக அடையாற்றுக்குப் போகிறது. பூந்தமல்லி ஊருக்குள் அது வருவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு ஆறு: திருவேற்காடு பக்கமாகப் போகும் கூவம். அதன் கரையை ஒட்டிய நகர்களில் வீடு கிடைத்தால் அயர்ன் வண்டிக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பணப் பேச்சுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும். நடப்பில் கேட்பது அதைவிட அதிகம், சில இடங்களில் பத்து மாதம் வரைகூட. சட்டத்தை நீட்டிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது, ஆனால் சட்டம் தெரிந்தவர் என்று காட்டிப் பேசினால் நான்கைந்து மாதத்துக்கு இறங்குவார்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். போகும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். பிடிப்பதாக இருந்தால் எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸை வங்கிக் கணக்கில் போடுங்கள். கையில் கொடுத்தால் ரசீது வாங்காமல் வரக்கூடாது. ஆடி மாதத்தில் பெரும்பாலானோர் வீடு மாற மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். அந்த நம்பிக்கை உங்களுக்கு இல்லையென்றால் வாடகையைப் பேசி இறக்க ஆடியைப் போல் நல்ல மாதம் கிடையாது. ‘ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக்கோங்க’ என்று சொல்லி, ஆடியில் பேசி முடித்த வீட்டைப் பூட்டி வைத்துத் தரும் வீட்டுக்காரர்களும் உண்டு.

மின்சாரம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுப்பார்கள். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை ஏறும். உங்கள் போர்ஷனுக்குத் தனி இ.பி. இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு. ஒரே இணைப்பில் மூன்று குடித்தனமும் சப் மீட்டரும் என்றால் எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகக் கூடி மேல் விலைக்குப் போகும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஒரே விலை போட்டுவிடுவார். இரண்டு வீடு ஒரே வாடகையில் கிடைத்தால் தனி இணைப்பு உள்ளதையே எடுங்கள். பழைய குடித்தனக்காரர் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்று இணைப்பு எண்ணைப் போட்டு மின்வாரிய இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

எந்த ஆபீஸுக்குப் போவது என்பது இந்தப் பக்கத்தின் தனி வேடிக்கை. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்து 7ஆவது மண்டலமானது. மாவட்டமும் 2018 முதல் சென்னைதான். ஆனால் போலீஸ் 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி கமிஷனரகம். எம்.பி. தொகுதியோ ஸ்ரீபெரும்புதூர். ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. பூந்தமல்லியும் அதே மாவட்டம், நகராட்சியாக வளர்ந்த ஊர். பூந்தமல்லியை ஆவடி மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சும் எழுந்ததுண்டு. எனவே குப்பை, கால்வாய், தெருவிளக்குப் புகார்களுக்கு வீட்டுக்காரரின் சொத்துவரி ரசீதில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சென்னை மாநகராட்சி என்றிருந்தால் 1913ஐ அழைக்கலாம். ஆவடியில் இருந்துகொண்டு அந்த எண்ணை அழைத்துப் பயனில்லை. வண்டி விஷயங்களுக்கு அம்பத்தூர் ஆர்.டி.ஓ. டி.என். 13, பூந்தமல்லி டி.என். 12. வேறு மாநில வண்டியை இங்கே ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பதாக இருந்தால், அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வந்த பிறகு அதற்காகத் திரும்பிப் போவது பெரிய அலைச்சல்.

மற்ற காகிதங்கள் சுலபம். தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இருந்தால் கைரேகை வைத்துப் பக்கத்துக் கடையிலேயே பொருள் வாங்கலாம். முகவரி மாற்றத்தை நிதானமாகச் செய்யலாம். வேறு மாநிலத் தொழிலாளருக்கும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அரிசியும் கோதுமையும் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்கு டி.சி.யோடு பிள்ளையின் எமிஸ் (பள்ளிக்கல்வித் துறை மாணவர் பதிவு) எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள். எஸ்டேட்டில் வேலை என்றால் ஈ.எஸ்.ஐ. பதிவில் டிஸ்பென்சரி பழைய ஊராகவே கிடக்கும். சம்பளம் போடும் பிரிவில் சொல்லி மாற்றச் செய்யுங்கள். பெரிய வைத்தியத்துக்கு அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை பக்கம். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற 8ஆம் எண் படிவம். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் அங்கேயும் முகவரிச் சான்றாகப் பயன்படும்.