துபாஷ் சொல்லாத செய்தி

பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூர்ச் சாலையில் கொரியக் கம்பெனிகள் வேரூன்றிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஸான்ட்ரோ கார் செய்யத் தொடங்கிய ஹுண்டாய், விற்பனைப் பொறுப்பை ஸ்ரீ பி. வி. ஆர். சுப்பு போன்ற இந்தியரிடம் ஒப்புவித்தது. பழைய வெள்ளைக்கார வர்த்தகர் இரு பாஷை அறிந்த துபாஷைக் கொண்டு நம் ஊரை அறிந்தது போலத்தான். (கொரியரும் தந்தையை 'அப்பா' என்றே அழைப்பர், அந்த அளவில் துபாஷ் தேவையில்லை!) மந்திரிகளும் வியாபாரிகளும் சிநேகமாயினர். தொழிலாளியோ? 2024-ல் சுங்குவார்சத்திரம் ஸாம்ஸங் ஆலையில், சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 2025 ஜனவரியில்தான் அச்சங்கம் பதிவாயிற்று. 1918-லேயே வாடியா, திரு. வி. க. முதலியோர் முயற்சியால் தொழிலாளர் சங்கம் கண்ட நகரம் சென்னை. அதை எஜமானருக்கு எடுத்துச் சொல்லாத துபாஷ் என்ன துபாஷ் என்று கேட்கிறோம்.