நிலைக்க வேண்டும் நலம்

பெறுதலினும் பெற்றதைப் பேணுதல் அரிது. இவ்வுண்மையை உள்ளடக்கிய துஆ ஒன்று ஸஹீஹ் முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓதிவந்த துஆக்களுள் ஒன்றென அதனை அறிவிப்பவர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள்.

நான்கினின்று இறைவனிடம் காவல் தேடுவது அது. அருட்கொடை நீங்குதல், நலவாழ்வு மாறுதல், தண்டனை திடீரென வந்தடைதல், இறைவனின் சினம் அனைத்தும் என்பன அந்நான்கு. நீங்குதல் வேறு, மாறுதல் வேறு. உள்ளது இல்லாது போதல் நீங்குதல். உடல்நலம் நோயாகவும் செல்வம் வறுமையாகவும் திரும்புதல் மாறுதல்.

தேயிலை சூழ்ந்த நுவரெலியாவில் வாழ்வோர்க்கு இவற்றின் பொருளை மலைகளே விளக்கும். ஒருகாலத்தில் இம்மலைநாட்டின் செல்வமாய் இருந்தது கோப்பி. 1869ஆம் ஆண்டில் அதனை இலைநோய் பற்றியது. ஏறத்தாழ இருபதாண்டுகளில் அத்தொழில் நலிந்தொழிய, தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. இன்றும் ஓரிரவு விழும் உறைபனி கொழுந்தைக் கருக்கிவிடுவதுண்டு.

எனினும், துன்புற்றோரைத் தண்டிக்கப்பட்டோர் என்று தீர்ப்புரைக்க இத்துஆ எவருக்கும் உரிமை தரவில்லை. ஓதுவோர் தம் பொருட்டுக் கேட்பதே அது. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு லயன் வரிசைகளைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது; குடியிருப்போ மாற்றப்படவில்லை. மாண்டோர்மீது குற்றமில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு நபிகளார் பணித்தார்கள் என்பது திர்மிதீ தொகுப்பில் காணும் செய்தி. வடிகாலைச் செப்பனிடுதலும், எச்சரிக்கை வந்ததும் சரிவை விட்டு அகலுதலும், அகலுவோர்க்கு இடமளித்தலும், பெற்ற அருளுக்கு நன்றி செலுத்துதலும் அத்துஆவின் செயல்வடிவங்களே.