வைகைக் கரை நாவல்கள் – 11: மாணிக்கம் கேட்க, பாண்டியன் பேசியது

சிங்கம்புணரிக்காரர்களுக்குப் பிரான்மலை பக்கத்து மலை. பாரி ஆண்ட பறம்பு அதுதான் என்று சொல்வார்கள். பாரி செத்த பிறகு அவன் பெண்மக்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த நண்பர் கபிலரின் கதை, அந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ப. சிங்காரம் 1920-இல் பிறந்தது அந்தச் சிங்கம்புணரியில். தமிழில் நட்பை இவ்வளவு ஆழமாக எழுதிய இன்னொரு நாவலாசிரியர் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’யைப் பற்றிப் பேசுகிறவர்கள் போரைச் சொல்வார்கள், கடலைச் சொல்வார்கள், அந்தப் புயல் அத்தியாயத்தைத் தவறாமல் சொல்வார்கள். நட்பைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

கதைக்காரரே பதினெட்டு வயதில், 1938-இல், கப்பலேறியவர். சுமத்ராவின் மைடான் நகரத்தில் ஒரு கடையில் வேலை. வட்டிக்கடை உலகத்தின் படிநிலைகள் அவருக்கு அத்துபடி: முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். இந்தக் கடைகள் நடந்த கிட்டங்கி என்பது நீளமான கூடம். ஆளுக்கொரு கைப்பெட்டி, அதற்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார ஓர் இடம். பகலில் பேரேடு விரிந்த அதே கட்டடத்தில்தான் இரவில் பாய் விரிப்பார்கள். சாப்பாடும் சேர்ந்துதான். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்குப் போகலாம். பெண்டாட்டியைக் கூட்டிவரும் வழக்கம் கிடையாது. தாய், தகப்பன், மனைவி, பிள்ளை எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். இப்படி ஒரு இடத்தில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்ற அத்தனை உறவுக்கும் ஈடாக ஒருவனுக்குக் கிடைப்பது, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனின் காது மட்டும்தான்.

இந்தக் காதைத்தான் சிங்காரம் நாவலின் நடுவே வைத்திருக்கிறார்.

1942-இல் ஜப்பானியப் படை மைடானுக்குள் நுழைகிறது. அந்தக் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. நாயகன் பாண்டியன் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் ஏறிப் பினாங்கு போகிறான், நேதாஜியின் படையில் சேருகிறான், போர் முடிந்த பின் சுமத்ராவில் டச்சுக்காரர்களை எதிர்த்துச் சண்டை போடுகிறான். இவ்வளவையும் வரிசையாகச் சொன்னால் ஒரு நல்ல சாகசக் கதை கிடைக்கும், வாரப் பத்திரிகையில் படம் போட்டு வெளியிடலாம். சாகசத்தைத் தாண்டி அது பெரிய நாவலாவது பினாங்கில், பாண்டியனும் அவன் நண்பர்கள் மாணிக்கமும் தில்லைமுத்துவும் உட்கார்ந்து பேசும் பக்கங்களில்.

என்ன பேசுகிறார்கள்? சங்கப் பாட்டிலிருந்து சித்தர் பாட்டு வரை போகிறார்கள். மூவேந்தர் பெருமையைப் பிய்த்து எறிகிறார்கள். பழம்பெருமை என்று நாம் கொண்டாடுவதை எல்லாம் கேலி செய்கிறார்கள். சிங்காரம் இதை எழுதியது 1960-களின் தொடக்கம். மேடைத் தமிழ் உச்சத்தில் இருந்த காலம் அது. 1967-இல் அந்தத் தமிழ் ஆட்சிக்கே வந்தது, 1968-இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அந்தக் கேலியை ஆசிரியர் தன் குரலில் சொல்லியிருந்தால் வசையாகப் போயிருக்கும், பாண்டியன் தனியாக நினைத்திருந்தால் கசப்பாகப் போயிருக்கும். மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவன் எடுத்துக் கொடுக்க இன்னொருவன் தொடர்ந்து பேசும்போது அது அன்பாகிறது. கேலி செய்கிற வரிகள் அத்தனையும் அவர்களுக்கு மனப்பாடம். மனப்பாடமாக வைத்திருக்கிறவனுக்குத்தான் அந்தக் கேலி வரும். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான் என்று நம்ப ஓர் ஆள் எதிரே இருந்தால்தான் அது வாயைவிட்டு வெளியே வரும். மேடையில் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது. சிங்காரத்துக்கு அது நண்பனின் முன்னிலை.

மதுரையும் அப்படித்தான் இந்த நாவலுக்குள் வருகிறது. ஊரைப் பிரிந்தவர்களின் பேச்சிலும் நினைப்பிலும் மதுரைத் தெருக்கள், பாண்டியனின் ஊரான சின்னமங்கலத்துச் சந்தை, செத்துப்போன பெரியவர்களின் நடை உடை எல்லாம் உயிரோடு எழுந்து வருகின்றன. இன்றைக்கும் மாசி வீதிகளில் நடக்கும்போது எனக்கு அந்தப் பக்கங்கள் நினைவுக்கு வரும். ஊரைப் பார்த்துக்கொண்டே எழுதிய எந்த நாவலும் மதுரையை எனக்கு இவ்வளவு கிட்டத்தில் காட்டவில்லை.

மாணிக்கம் சிங்காரத்தின் முதல் நாவலிலும் உண்டு. ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் பரிசு பெற்று 1959-இல் வெளிவந்தது. அதில் மரகதத்தை இழந்து நிற்கும் செல்லையாவுக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பு மாணிக்கத்துடையது. காதல் கைகூடாத கதைகள் நம்மிடம் ஏராளம். தோற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து, மறந்துவிடு என்று சும்மா தட்டிக் கொடுக்காமல், அவன் துக்கத்தை மதித்துப் பேசுகிற ஒருவனை எழுதியதுதான் அந்த நாவலின் தனிச்சிறப்பு. இரண்டாவது நாவலில் இந்த நட்பு இன்னும் கடினமாகிறது. மாணிக்கத்தால் பாண்டியனைக் காப்பாற்ற முடியாது. சங்கப் பாட்டில் கோப்பெருஞ்சோழனுக்காகப் பிசிராந்தையார் வடக்கிருந்து உயிர்விட வந்தது போல இங்கே யாரும் வருவதில்லை. நண்பர்களைப் பிரிந்து சுமத்ராவுக்குப் போன பாண்டியன் தனக்குள்ளேயே பேசத் தொடங்குகிறான். வீரன் என்று பெயர் வாங்கியவன், கேட்க ஆளில்லாமல் எப்படித் தேய்கிறான் என்பதைச் சிங்காரம் கொஞ்சமும் கண்ணீர் கலக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களின் கனம், முன்னால் வந்த பினாங்குப் பேச்சினால் வந்த கனம். பேச்சுப் பக்கங்கள் நீளம் என்று தள்ளிவிட்டுப் படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பாண்டியன் கடைசியில் சாவது வெறும் செய்தியாகத்தான் போய்ச் சேரும்.

நட்பை இப்படி எழுதியவரின் வாழ்க்கை வேறு மாதிரி. மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் இழந்தவர், மறுமணம் செய்துகொள்ளவில்லை. போருக்குப் பின் மதுரை தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. பல ஆண்டுகள் தனியாக அங்கேயே காலம் தள்ளினார். எழுதி முடித்த ‘புயலிலே ஒரு தோணி’ பத்து ஆண்டுகளுக்குக் கிட்டக் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. மலர்மன்னன் என்ற பத்திரிகையாளர் முயன்று, 1972-இல் கலைஞன் பதிப்பகம் அதை வெளியிட்டது. அப்போதும் பெரிய வரவேற்பு இல்லை. பின்னாளில் சி. மோகன் அதைத் தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாக எடுத்துச் சொன்னார். மதுரையில் ந. முருகேசபாண்டியன் சிங்காரத்தைத் தேடிப் போய்ப் பேசி எழுதினார். அதற்குள் சிங்காரத்துக்கு எழுத்தின் மேல் இருந்த ஆசை போய்விட்டது. மூன்றாவது நாவல் எழுதவே இல்லை. 1997 டிசம்பரில் காலமானார். சேமித்த பணத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று நாடார் மகாஜன சங்கத்துக்குக் கொடுத்திருந்தார்.

அடுத்த வாரம் அதே மதுரையின் இன்னொரு பக்கம்: ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’.