வீட்டின் பின்புறம் ஒரு மூலை
உடுப்புக் கழுவும் இடத்தை ஒழுங்குபடுத்துவோமா?

காலை ஆறரை மணி. மகளின் வெள்ளைச் சீருடை கிடைத்துவிட்டது, பர்தாவைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், ஊத்தை உடுப்புக் குவியலின் அடியில், வாப்பாவின் ஈரச் சாரத்துக்கும் சிறியவனின் மூத்திரத் துணிக்கும் இடையில் கிடக்கிறது. "உம்மா, வேன் வந்துட்டுது!" என்று வாசலில் சத்தம். அன்றைய பொழுது கோபத்தோடும் கண்ணீரோடும் விடிகிறது.

இது நம்மில் பலருக்குப் பழகிப்போன காட்சிதான். ஹோலுக்குத் திரைச்சீலை வாங்குகிறோம். ஷோகேஸில் பீங்கான்களை அழகாக அடுக்குகிறோம். ஆனால் குடும்பத்தின் அத்தனை உடுப்பும் வந்து சேரும் பின் விறாந்தை மூலையை மட்டும் விதி விட்ட வழி என்று விட்டுவிடுகிறோம். சுத்தத்தை ஈமானின் பாதியாகக் கருதும் சமூகம் நாம். அல்முத்தஸ்ஸிர் அத்தியாயத்தின் ஆரம்ப வசனங்களிலேயே ஆடையைத் தூய்மையாக்கும் கட்டளை இடம்பெற்றிருக்கிறது. அப்படியிருக்க, அந்த ஆடை தூய்மையாகும் இடத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பு போதுமானதா?

இதற்குத் தனி அறை வேண்டும் என்பதில்லை. கிணற்றடியை ஒட்டிய தாழ்வாரமோ, குளியலறைக்கு வெளியே ஆறடி நீளச் சுவரோ போதும்.

முதலில் பிரிப்போம்

குவியல் ஒன்றாக இருக்கும் வரை ஒழுங்கு வராது. மூன்று கூடைகள் வையுங்கள். ஒன்று வெள்ளைக்கு: சீருடை, தொப்பி, ஜுப்பா. ஒன்று வண்ண உடுப்புகளுக்கு. மற்றது கறுப்பு அபாயா, கடும் நிறச் சாரம் போன்ற சாயம் போகக்கூடியவற்றுக்கு. ஒரு புது அபாயா வெள்ளைச் சீருடையோடு சேர்ந்து ஊறினால் என்ன நடக்கும் என்பது அனுபவப்பட்ட தாய்மாருக்குத் தெரியும். கூடைகள் காற்றுப் போகும் துவாரங்கள் உள்ளவையாக இருக்கட்டும். ஈர உடுப்பை அப்படியே கூடையில் போட்டால் கரும்புள்ளி பிடிக்கும். முதலில் கொடியில் போட்டு ஈரம் வடிய விடுங்கள்.

நான்காவதாக, மூடியுள்ள வாளி ஒன்று வேண்டும். இது நஜீஸ் பட்ட துணிகளுக்கு மட்டும். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்துக்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால் அந்த நீரும் நஜீஸாகிவிடும். நமது வாளியும் பேசினும் அந்த அளவுக்கு எட்டாதவை. எனவே பிள்ளையின் மூத்திரத் துணியை மற்ற உடுப்புகளோடு ஒரே வாளியில் ஊறப்போடுவது, ஒரு துணியின் அசுத்தத்தை எல்லாத் துணிக்கும் பரப்புவதாகும். நஜீஸை முதலில் அகற்றி, துணியின் மீது குழாய் நீரை ஓடவிட்டு, நிறமும் மணமும் போகும்வரை அலசிய பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இயந்திரத்தில் கழுவுவோரும் இப்படி முன்கூட்டியே அலசிக்கொண்டால் மனதில் சந்தேகம் இராது. தேய்த்துக் கழுவியும் போகாத இரத்தக் கறையின் நிறம் மன்னிக்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட, பால் மட்டுமே அருந்தும் ஆண் குழந்தையின் சிறுநீருக்கு, ஈரத்தைப் பிழிந்துவிட்டு அந்த இடம் முழுதும் நனையத் தண்ணீர் தெளித்தால் போதும் என்ற சலுகையும் உண்டு.

சுவரைப் பயன்படுத்துவோம்

நிலத்தில் இடமில்லை என்று கவலைப்படுகிறோம். சுவரோ வெறுமையாக நிற்கிறது. பத்து முதல் பன்னிரண்டு அங்குல அகலமுள்ள இரண்டு தட்டுகள் அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். மேலால் திறக்கும் இயந்திரமானால், மூடியை முழுதாகத் திறந்து வைத்து அளந்த பின்னரே தட்டின் உயரத்தைக் குறியுங்கள். அளக்காமல் அடித்துவிட்டு, மூடி திறக்காமல் திண்டாடும் வீடுகள் உண்டு. சிப்போட் பலகை ஈரத்தில் ஊதி உதிரும். வர்ணம் பூசிய மரப் பலகையோ பிளாஸ்டிக் றாக்கையோ நல்லது. கல்சுவரில் துளையிட்டு ரோல் பிளக் வைத்து முறுக்கிய ஆணிதான் பாரம் தாங்கும்.

கீழ்த்தட்டில் தினமும் எடுக்கும் சவர்க்காரத் தூள், பிரஷ், கிளிப் கூடை. தூளை மூடி இறுகும் டின்னில் கொட்டி, அளவுக் கரண்டியையும் உள்ளேயே வையுங்கள். தட்டின் அடியில் ஒரு குழாய்க் கம்பியைப் பொருத்தினால், அலசிய அபாயாவை ஹேங்கரில் நிழலிலேயே காயவிடலாம். கசங்காது, நிறமும் மங்காது.

சிறு போத்தல்கள் இரண்டு அவசியம். ஒன்று பர்தா ஊசிகளுக்கு. ஊசியோடு இயந்திரத்துக்குள் போன பர்தா தானும் கிழிந்து, மற்றத் துணியையும் கிழிக்கும். கையால் கசக்கினால் விரலைக் குத்தும். மற்றது சட்டைப் பையில் அகப்படும் சில்லறைக்கும் கழன்ற பொத்தானுக்கும். பக்கத்தில் ஊசி நூல் இருந்தால், சிறு கிழிசலைக் கழுவ முன்பே தைத்துவிடலாம். கழுவினால் அது பெரிதாகும்.

கறைக்கு ஒரு சொல்: இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர்தான், சுடுநீர் அதை நிலைக்கச் செய்யும். மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவக்கும். பயப்பட வேண்டாம், கழுவி நல்ல வெயிலில் போட்டால் மங்கிவிடும்.

பிள்ளைகளின் உயிர்

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. உறவுக்காரர் வீடொன்றில், வெள்ளைத் துணி வெளுக்கும் திரவத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குழாயடியில் வைத்திருந்தார்கள். விளையாடிக் களைத்து வந்த நாலு வயதுப் பிள்ளை போத்தலைத் திறந்து வாயருகே கொண்டுபோய்விட்டது. அந்த நேரத்தில் உம்மம்மா அங்கு வந்தது அல்லாஹ்வின் அருள்.

சவர்க்காரத் திரவம், வெளுக்கும் திரவம், மண்ணெண்ணெய் எதையும் குடிபானப் போத்தலில் வைக்காதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டுள்ள சிறு அலுமாரியில் வையுங்கள். வெளுக்கும் திரவத்தையும் கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தையும் ஒருபோதும் கலக்க வேண்டாம். நச்சு வாயு கிளம்பும். தவறிப் பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வாளியில் நீரை நிரப்பி விட்டுப் போவதும் ஆபத்தே. தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் சில அங்குல நீரே உயிரைப் பறிக்கும்.

மின்சாரத்திலும் கவனம் வேண்டும். ஈரத் தரையில் நீட்டிப்பு வயர் கிடக்கக் கூடாது. இயந்திரத்துக்குச் சுவரிலேயே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில், தனிப் பிளக் இருக்கட்டும். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கழுவி முடிந்ததும் இயந்திரத்தின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் நாற்றம் பிடிக்காது. சிறு பிள்ளை உள்ள வீட்டில், முன்பக்கம் திறக்கும் இயந்திரமானால் பிள்ளை அருகில் இல்லாதபோது மட்டும் திறந்து வையுங்கள்.

எல்லோருக்கும் பங்கு

எவ்வளவு அழகாக அடுக்கினாலும், உம்மா ஒருவர் மட்டுமே குனிந்து நிமிர்ந்தால் அந்த ஒழுங்கு ஒரு மாதமும் தாங்காது. நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்தார்கள், வீட்டு வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மேடைகளில் இதைக் கேட்டு மகிழும் நாம், நம் ஆண் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கியிருக்கிறோமா? கழற்றிய உடுப்பை உரிய கூடையில் போடுவது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் முடியும். காய்ந்ததை எடுத்து மடிப்பது மகனுக்கும் முடியும். ஆளுக்கொரு சிறு கூடையில் பெயர் எழுதி வைத்தால், மடித்த உடுப்பை அவரவரே அலுமாரிக்குக் கொண்டுபோவார்கள்.

சகோதரிகளே! அடுத்த விடுமுறை நாளில் அந்த மூலையை ஒரு தடவை காலி செய்து பாருங்கள். மூன்று கூடை, ஒரு வாளி, இரண்டு தட்டு, ஒரு பூட்டு. செலவு பெரிதில்லை. ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது தொழுகை உடை சுத்தமாகக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். மகளும் பர்தாவைத் தேடி அழமாட்டாள். இன்ஷா அல்லாஹ், அந்தக் காலை அமைதியாக விடியும்.