தட்டாமல் கழலும் கருவி

அலுமினியத் தகடு ஒன்றில் மரையோடு ஒரே ஒரு துளை வேண்டும். முதலில் இடம் குறிக்க சென்டர் டிரில், அடுத்து டிரில் பிட், விளிம்பைச் சாய்க்க கவுண்டர்சிங்க், மரை வெட்ட டேப். தகட்டின் ஓரத்தையும் சீவ வேண்டுமென்றால் எண்ட் மில். ஒரு சின்ன வேலைக்கு ஐந்து கருவிகள். வெட்டும் நேரத்தைவிட, ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் நேரமே அதிகம். கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி வட்டாரத்தில் விசைத்தறிக்கு உதிரிப்பாகம் செய்துகொடுக்கும் பட்டறைக்காரர்களைக் கேட்டால் இதையேதான் சொல்வார்கள். வீட்டுக் கொட்டகையில் ஒரு சின்ன மில்லிங் மெஷினை வைத்துக்கொண்டு ஆசைக்கு வேலை செய்பவருக்குச் சிரமம் இன்னும் கூடுதல். அவரிடம் இருப்பது ஒரே ஸ்பிண்டில், ஒரு ஸ்பானர், ஒரு சுத்தி.

அந்தச் சுத்தி ஏன் வந்தது என்பதற்குப் பதில் கோணத்தில் இருக்கிறது. 1863-ல் முறுக்கு டிரில்லுக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸின் பெயரில் வழங்குவது மோர்ஸ் டேப்பர் என்ற கூம்பு. ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் மட்டுமே விட்டத்தில் குறையும் மிக மெல்லிய சரிவு அது. நடுக்கோட்டிலிருந்து அளந்தால் சாய்வு ஒன்றரை டிகிரிக்கும் குறைவு. எண்ணெய் பட்ட எஃகுக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வுக் கெழு சுமார் 0.1. ஒன்றரை டிகிரியின் டேன்ஜென்ட் மதிப்போ 0.026. சரிவின் டேன்ஜென்ட் உராய்வுக் கெழுவைவிடக் குறைவாக இருக்கும்வரை கூம்பு தானாக நழுவாது. மண்வெட்டிக் காம்பில் அடித்த ஆப்பு மாதிரி, இறுகியது இறுகியதுதான். டிரில்லிங்குக்கு இது வரம். ஆனால் மில்லிங்கில் மேலிருந்து டிராபார் என்ற நீள போல்ட்டால் இழுத்துப் பிடிக்கிறோம்; கழற்றும்போது அந்த போல்ட்டைத் தளர்த்தி, அதன் தலையில் சுத்தியால் ஒன்று போட வேண்டியிருக்கிறது. அந்த அடியைக் கடைசியில் வாங்குவது ஸ்பிண்டிலின் பேரிங். பேரிங் தடத்தில் குழி விழுந்தபின், என்ன விலை கொடுத்து எண்ட் மில் வாங்கினாலும் பரப்பு வழவழப்பாக வராது.

1920-களின் பிற்பகுதியில் அமெரிக்க இயந்திரத் தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 24-க்கு 7 என்ற செங்குத்தான சரிவு. சாய்வு 8.3 டிகிரி, டேன்ஜென்ட் 0.146. எண்ணெய் பட்ட எஃகின் உராய்வைத் தாண்டிவிட்டதால் இழுவிசையை விட்டதும் கூம்பு கழன்றுகொள்ளும். தொழிற்சாலைகளின் ஐஎஸ்ஓ 40, பிடி 40 வகைப் பிடிப்பான்கள் எல்லாம் இந்தச் சரிவுதான். பிடி 40 ஸ்பிண்டிலுக்குள் அடுக்கிய வட்டத்தட்டு ஸ்பிரிங்குகள் கருவியைச் சுமார் ஒரு டன் விசையோடு மேலே இழுத்து வைத்திருக்கும். காற்றழுத்தமோ எண்ணெய் அழுத்தமோ அந்த ஸ்பிரிங்கை அமுக்கினால் கருவி விழும், இயந்திரக் கை அடுத்ததை நீட்டும், சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும்.

சின்ன மெஷின்களுக்கு இந்த வசதி கிடையாது. இவற்றில் பலவற்றில் இருப்பது மோர்ஸ் 3 என்ற அளவுக் கூம்பு. வேறு பலவற்றில் ஆர் 8. 1938-ல் கனெக்டிகட்டில் பிறந்த பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெஷினோடு பரவியது ஆர் 8. அதன் சரிவு செங்குத்துதான், ஆனாலும் நடைமுறையில் டிராபாரைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டாமல் பெரும்பாலும் வராது. தட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான நஷ்டம் வேறு. கருவியைக் கழற்றி மாட்டியதும் அதன் நுனி எந்த உயரத்தில் நிற்கிறது என்ற கணக்கு தொலைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தாளை வைத்து உரசிப் பார்த்து, டயலைப் பூஜ்யமாக்கித் தொடங்க வேண்டும். கணினி ஓட்டும் மெஷினென்றால் எரிச்சல் இரட்டிப்பு.

டோர்மாக் என்ற அமெரிக்க நிறுவனம் இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனம் காட்டியது. தண்டைச் சுற்றி இறுகிப் பிடிக்கும் பிளவுபட்ட குழலான ஆர் 8 காலெட் ஸ்பிண்டிலை விட்டு வெளியே வருவதே இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் முக்கால் அங்குல, அதாவது 19.05 மில்லிமீட்டர், நேர்த்தண்டும் அகலமான தோளும் கொண்ட தனிப் பிடிப்பான். தண்டைக் காலெட் பிடிக்கும். தோள் ஸ்பிண்டிலின் அடி முகத்தில் முட்டி நிற்கும். உயரத்தைத் தீர்மானிப்பது கூம்பு அல்ல, அந்த முட்டல். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் நுனி பழைய உயரத்துக்கே வரும். மேசையில் ஒருமுறை அளந்து பட்டியல் போட்டுவிட்டால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், பெரிய தொழிற்சாலைகளும் சுற்றி வளைத்து இதே முடிவுக்குத்தான் வந்தன. ஸ்பிண்டில் அதிவேகத்தில் சுழலும்போது அதன் வாய் மையவிலக்கு விசையால் விரிகிறது. ஸ்பிரிங் கூம்பை இன்னும் உள்ளே இழுக்கிறது. கருவி உயரம் மாறிவிடுகிறது. ஜெர்மனியில் ஆஹன் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-ல் தரநிலையான எச்எஸ்கே பிடிப்பானில் கூம்போடு முகமும் சேர்ந்து பிடிப்பதற்கு இதுவே காரணம். லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினும் வீட்டு மெஷினும் உயரத்துக்கு முகத்தை நம்புகின்றன.

முகத்தை நம்பினால் முகம் சுத்தமாக இருக்க வேண்டும். 38 மில்லிமீட்டர் அகலத் தோளின் ஒரு ஓரத்தில் 0.02 மில்லிமீட்டர் பிசிறு சிக்கினால், 75 மில்லிமீட்டர் கீழே இருக்கும் நுனி 0.04 மில்லிமீட்டர் வரை விலகப் பார்க்கும். தலைமுடியின் பாதிக் கனம்தான், ஆனால் பேரிங் உட்காரும் துளைக்கு அது மிக அதிகம். மாட்டும் முன் துணியால் ஒரு துடைப்பு, விரலால் ஒரு தடவல். இதைச் செய்யாதவர் விலை உயர்ந்த பிடிப்பான் வாங்குவது வீண்.

இன்னொரு பலவீனம், நேர்த்தண்டைப் பிடித்திருப்பது உராய்வு மட்டுமே. எண்ட் மில்லின் முறுக்குப் பற்கள் வெட்டும்போது கருவியைக் கீழ்நோக்கி இழுக்கும். எஃகில் ஆழமாக வெட்டினால் தண்டு மெல்ல நழுவி, ஜாப் கெட்டுப்போனபிறகுதான் தெரியவரும். தண்டில் எண்ணெய் இருக்கக் கூடாது. கனமான வெட்டுக்குக் கருவியை ஸ்பிண்டிலில் நேராகப் பொருந்தும் ஆர் 8 பிடிப்பானில் மாட்டுவது நல்லது.

மோர்ஸ் 3 வைத்திருப்பவருக்கு இந்த வழி ஏறத்தாழ அடைபட்டது, முக்கால் அங்குலத் தண்டுக்கு அதன் வாயில் இடம் மிகக் குறைவு. ஒரு ஈஆர் 25 காலெட் சக்கை நிரந்தரமாக மாட்டிவிடுவதே அவருக்கு என் சிபாரிசு. சுவிட்சர்லாந்தின் ரெகோஃபிக்ஸ் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த இந்த வகையில், 16 மில்லிமீட்டர் வரையிலான தண்டுகள் முன்னால் உள்ள நட்டைத் திருப்பினாலே மாறும். டிராபாரும் வேண்டாம், சுத்தியும் வேண்டாம். காலெட்டை முதலில் நட்டில் சொடுக்கென்று மாட்டிவிட்டுத்தான் சக்கில் ஏற்ற வேண்டும்; தலைகீழாகச் செய்தால் காலெட் கெடும், புதிது வாங்கப் புத்தூரில் சப்தகிரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை லிங்கிச் செட்டித் தெரு வரை போக வேண்டியிருக்கும். உயரக் கணக்குக்கு, மின்சுற்றுப் பலகை துளையிடும் தொழிற்சாலைகளின் தந்திரத்தைக் கடன் வாங்கலாம். அங்கே 3.175 மில்லிமீட்டர் தண்டுள்ள ஒவ்வொரு டிரில்லிலும் ஒரு வளையம் இறுக்கி ஏற்றியிருப்பார்கள், நுனியிலிருந்து வளையம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே தூரம். பெரிய தண்டுகளுக்கு அத்தகைய வளையத்தைத் தெரிந்த லேத் பட்டறையிலேயே கடைந்து, பக்கவாட்டில் ஒரு திருகு வைத்து இறுக்கிக்கொள்ளலாம். நட்டு இறுகும்போது காலெட் சற்று உள்ளே போகும் என்பதால் டோர்மாக் முறை அளவுக்குத் துல்லியம் வராது. துளை போடவும் மரை வெட்டவும் தாராளமாகப் போதும்.