தாமத எழுதுதல் (இயங்குதளம்)

தாமத எழுதுதல் என்பது, ஒரு நிரல் கோப்பில் எழுதும் தரவை இயங்குதளம் உடனடியாக வன்தட்டில் பதியாமல், நினைவகத்தில் தேக்கி வைத்துப் பின்னர் மொத்தமாக எழுதும் முறை ஆகும். வட்டு உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றால் ஏற்படும் வீண்சுமையைக் குறைக்கும் வழிகளுள் இது பழமையானது. யுனிக்ஸ், லினக்ஸ், விண்டோஸ் ஆகிய மூன்றிலும் இம்முறை ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது. விரைவுக்கு ஈடாக இதில் ஓர் இடரும் உண்டு. மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டால், வட்டைச் சென்றடையாத தரவு அழிந்துவிடும்.

தேவை

வன்தட்டு இயந்திரப் பாகங்களைக் கொண்டது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடம் எழுதுமுனையின் கீழ் வருவதற்குச் சராசரியாக அதில் பாதி நேரம் கழிகின்றது; முனை உரிய தடத்துக்கு நகர்வதற்கு மேலும் சில மில்லிநொடிகள் ஆகும். எனவே சிதறிய இடங்களில் ஒவ்வொன்றாக எழுதினால் நொடிக்கு நூறு முறை எழுதுவதே அரிது. எழுதுவதைவிட இடம் தேடுவதிலேயே நேரம் கழிகின்றது.

தரவைத் தேக்கி வைத்தால், பலமுறை மாற்றப்பட்ட பகுதியின் இறுதி வடிவத்தை மட்டும் எழுதினால் போதும். காத்திருக்கும் வேண்டுகோள்களை இட வரிசைப்படி அடுக்கவும் முடியும். நகரும் பாகங்களற்ற திண்மநிலை வட்டுகளில் இடம் தேடும் தொல்லை இல்லை. ஆயினும் ஒவ்வொரு எழுத்தும் அவற்றைச் சிறிது தேய்ப்பதால், எழுத்துகளைக் குறைப்பது அங்கும் பயனுடையதே.

செயற்பாடு

மாற்றப்பட்டும் வட்டில் இன்னும் எழுதப்படாத நினைவகப் பக்கத்தை 'அழுக்குப் பக்கம்' எனக் கணினியியலார் அழைப்பர். லினக்ஸின் இயல்பான அமைப்பில், இதற்கான பணி 5 நொடிக்கு ஒருமுறை விழித்து, 30 நொடிகளுக்கு மேல் அழுக்காக உள்ள பக்கங்களை வட்டுக்கு அனுப்புகின்றது. தொடக்ககால யுனிக்ஸிலும் 30 நொடிக்கு ஒருமுறையே தேக்கிய தரவு வட்டுக்கு அனுப்பப்பட்டது.

ஆகவே, எழுதும் கட்டளை வெற்றி பெற்றது என்பதற்குத் தரவு வட்டில் பதிந்துவிட்டது என்று பொருளன்று. பதிந்ததை உறுதி செய்ய விரும்பும் நிரல் 'எஃப்சிங்க்' என்னும் அழைப்பைப் பயன்படுத்த வேண்டும். இது வட்டின் மறுமொழிக்காகக் காத்திருப்பதால் மெதுவானது. அதனாலேயே நிரலாளர் பலர் இதைத் தவிர்த்து வந்தனர்.

2009 சிக்கல்

இப்பழக்கத்தின் விளைவு 2009 இல் வெளிப்பட்டது. அதற்கு முன் பரவலாக இருந்த எக்ஸ்ட்3 கோப்பு முறைமை, இயல்பான அமைப்பில் ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை தரவை வட்டுக்கு அனுப்பியதால், எஃப்சிங்க் அழைக்காத நிரல்களும் பெரும்பாலும் தப்பின. அடுத்து வந்த எக்ஸ்ட்4, கோப்புக்கு வட்டில் இடம் ஒதுக்குவதையே தாமதித்தது. புதிய கோப்பை எழுதிப் பழைய பெயருக்கு மாற்றும் நிரல்களில், பெயர் மாற்றம் முதலில் பதிந்து தரவு பதியாமல் நின்றது. அவ்வேளையில் கணினி முடங்கினால், பயனரின் அமைவுக் கோப்புகள் சுழிய அளவினவாக மாறின.

எக்ஸ்ட்4 உருவாக்குநர்களுள் ஒருவரான தியடோர் சோ, எஃப்சிங்க் இன்றி இத்தகைய உறுதியைப் பொசிக்ஸ் செந்தரம் அளிக்கவில்லை என விளக்கினார். அவர் கூறியது சரியே. ஆனால் கோப்பை இழந்த பயனருக்குச் செந்தரத்தால் பயனில்லை. அதே ஆண்டில் வெளியான லினக்ஸ் 2.6.30 பதிப்பில், இவ்வாறு பெயர் மாற்றும்போது தரவுக்கு உடனே இடம் ஒதுக்கும் திருத்தம் சேர்க்கப்பட்டது.

எஃப்சிங்க் தோல்வியுறும்போது

வட்டுப் பழுதால் எழுத்து தோல்வியுற்றால், லினக்ஸ் பிழையை ஒருமுறை அறிவித்துவிட்டு அப்பக்கத்தைத் தூய்மையானதாகக் குறித்துவிடக்கூடும். அதன்பின் மீண்டும் எஃப்சிங்க் அழைத்தால், தரவு பதியாமலேயே வெற்றி என விடை வரும். மறுமுயற்சி போதும் எனக் கருதி வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தள உருவாக்குநர்கள் இதை 2018 இல் அறிந்தனர். 2019 பிப்ரவரி வெளியீடுகள் முதல், இப்பிழை நேர்ந்தால் அத்தரவுத்தளம் உடனே நின்று, தன் பதிவேட்டிலிருந்து தரவை மீட்டுக்கொள்கின்றது.

கழற்றக்கூடிய வட்டுகள்

நகலெடுத்தல் முடிந்ததாகத் திரை காட்டிய பின்னரும், விரலியை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கக் கூடாது என்பதற்குக் காரணம் தாமத எழுதுதலே. விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு முதல், இத்தகைய வட்டுகளுக்கு எழுத்தைத் தேக்காத அமைப்பே இயல்பானதாக்கப்பட்டது. லினக்ஸில் பொதுவாகத் தேக்கம் தொடர்வதால், பெரிய கோப்பை நகலெடுத்தபின் விரலியை விடுவிக்கச் சில வேளைகளில் நெடுநேரம் ஆகின்றது.